நாடகம் பார்க்கப் போறீங்களா? லைட்காரன் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்

நாடகம் முடிந்து ஹாலை விட்டு இறங்கும் படிக்கட்டில் நின்றால் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் காதில் விழும்: "கருத்து நல்லா இருந்தது." நடித்த பிள்ளைகள் மேக்கப்பைக் கூடக் கலைக்காமல் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கை கொடுத்து இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். மூன்று மாதம் வேலை முடிந்து வந்து ராத்திரி ஒத்திகை பார்த்தவர்களுக்கு இது போதவே போதாது. கருத்து எழுதியவருடையது. நடித்தவர்கள் செய்த காரியம் வேறு. நின்றார்கள், நடந்தார்கள், பேசினார்கள், பேசாமலும் இருந்தார்கள். அதை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த வாசலில் வந்து நிற்கிறார்கள்.

நான் அம்பாசமுத்திரத்தில் மைக் செட்டும் லைட்டும் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்புவேன். நாடகம் என்றால் மட்டும் பாதி வாடகை வாங்கிக்கொண்டு நானே போவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். வீதி நாடகக் குழு எங்கள் தெருவுக்கு வந்த அன்று பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அன்று பிடித்த வேலைதான். இப்போது நான் உட்காரும் இடம் கடைசி வரிசைக்குப் பின்னால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போர்டுக்கு முன்னால். அங்கிருந்து மேடையும் தெரியும், பார்க்கிறவர்களின் பிடரியும் தெரியும். ஒரு காட்சி பிடித்துக்கொண்டதா இல்லையா என்பதைப் பிடரி சொல்லிவிடும். பிடித்துக்கொண்டால் அத்தனை தலையும் ஆடாமல் நிற்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாடகம் பார்த்துவிட்டு நாலு வரி மதிப்புரை எழுத நினைப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். போவதற்கு முன்னால் கதை தெரிய வேண்டாம். எந்த வகை நாடகம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கொடைக்கு வரும் வள்ளி திருமணமோ பவளக்கொடியோ என்றால் அது ஸ்பெஷல் நாடகம். அந்த மரபுக்கே வாத்தியாரான சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி அன்றைக்கு நம் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனபோது அந்தப் பக்கம் போனது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் என்ற கதாநாயகன் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் என்ற கதாநாயகி ஒரு ஊர், பபூன் என்ற கோமாளி ஒரு ஊர். தனித்தனியாகப் பேசி அழைத்திருப்பார்கள். அன்றைக்குச் சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது தர்க்கம். ஒருவர் போட்ட முடிச்சை இன்னொருவர் எவ்வளவு சுருக்காக அவிழ்க்கிறார், அவிழ்த்த கையோடு எதிர்முடிச்சு போடுகிறாரா என்று பார்க்க வேண்டும். மேடை அலங்காரம் சரியில்லை என்று அங்கே குறை சொல்வதில் அர்த்தமில்லை. கோவில்பட்டி முருகபூபதியின் மணல்மகுடி குழு போடும் நாடகம் வேறு மாதிரி. உடம்பும் ஒலியும் பொருள்களும் சேர்ந்து கண்ணுக்கு முன்னால் ஒரு கனவு மாதிரி நகரும். அங்கே போய் 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கதையைத் தேடிக்கொண்டிருந்தால் இருப்பதும் கை நழுவிப் போகும்.

நான் அதிகம் லைட் போட்டது மூன்றாவது வகைக்கு. பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி டவுனிலோ ஒரு பள்ளிக்கூட ஹால், எண்பது நூறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மணி நேர நாடகம், கல்லூரிப் பிள்ளைகளோ வங்கி ஊழியர்களோ ஆசிரியர்களோ சேர்ந்து நடிப்பது. டிக்கெட் இருக்காது, முடிந்ததும் துண்டை விரித்துப் பிடிப்பார்கள். இனி நான் சொல்வதெல்லாம் இந்த வகைக்குத்தான்.

அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். மூன்றாவது அல்லது நாலாவது வரிசையில், நடுவை விட்டுக் கொஞ்சம் ஓரமாக உட்காருங்கள். முதல் வரிசையில் நடிகரின் தாடையும் கால் விரலும்தான் தெரியும். இரண்டு நாள் நடக்கிறதென்றால் இரண்டு நாளும் போங்கள். இரண்டாம் நாள் கடைசி வரிசை. ஒரே நாடகம் அங்கிருந்து வேறாகத் தெரியும். அப்புறம் தலைக்கு மேலே மின்விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். மே மாதத்துப் பாளையங்கோட்டை வெக்கையில் விசிறியை நிறுத்தினால் சனம் வேர்த்து எழுந்துவிடும், ஓடவிட்டால் வசனம் பாதி காற்றோடு போய்விடும். அந்த இரைச்சலுக்கு மேலே பேசித்தான் ஆக வேண்டும். அதனால் 'குரல் கேட்கவில்லை' என்று எழுதுவதற்கு முன்னால், அவர்கள் எதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குரலைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். நடிப்பில் முதலில் நொறுங்குவது அதுதான். நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். 'நான் அந்த வீட்டுக்கு இனிமேல்' வரைக்கும் கேட்டால் ஒன்றும் தெரியாது. 'வருவேன்' என்பதும் 'வரமாட்டேன்' என்பதும் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. பயிற்சி இல்லாத நடிகர் வாக்கியத்தை ஓங்கித் தொடங்குவார், மூச்சு தீரத் தீரக் குரல் இறங்கும், கடைசிச் சொல் வாய்க்குள்ளேயே போய்விடும். மேடையில் அவர் சொன்னது முடிவு, பார்க்கிறவருக்குக் கிடைத்தது பாதி. நாடகம் தொடங்கிய முதல் ஐந்து நிமிடம் கதையை விட்டுவிட்டு இதை மட்டும் கேளுங்கள்: வினைச்சொல் என் காது வரைக்கும் வருகிறதா? வருகிறதென்றால் அந்த நடிகர் மூச்சைப் பங்கு வைக்கத் தெரிந்தவர். சத்தமாகப் பேசுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கிழவன் வேஷத்தில் ரகசியம் பேசினார், பதினான்காவது வரிசைக்குப் பின்னால் இருந்த எனக்குக் கடைசி 'இல்ல' என்ற சொல் தெளிவாகக் கேட்டது. மைக் கிடையாது.

அடுத்தது பேச்சுவழக்கு. நம் ஊர்க் கதை என்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலில் ஒரு 'லே' போட்டால் திருநெல்வேலி ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். சினிமாவில் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் இது. 'லே' யாரிடம் சொல்வது, 'வே' யாரிடம் சொல்வது என்பதில் ஒரு முறை இருக்கிறது. மகனிடமும் தம்பியிடமும் கூட்டாளியிடமும் 'ஏலே' என்று சொல்லலாம். வயதில் மூத்த ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் 'என்னவே' என்பார்கள், அதில் உரிமையும் உண்டு, மரியாதையும் உண்டு. அண்ணாச்சியைப் பார்த்து ஒரு பையன் 'என்னலே' என்றால் அடி விழும். மேடையில் அப்படிச் சொல்லி அடி விழவில்லை என்றால், எழுதியவருக்கும் இயக்கியவருக்கும் இந்த ஊர்க் காது இல்லை என்று அர்த்தம். 'சொல்லுதேன்', 'பண்ணுதாவ' என்று வாயில் வருகிறதா, அல்லது 'சொல்றேன்' என்று மெட்ராஸ் பேச்சு பேசிவிட்டு ஒரு 'லே'யை மட்டும் ஒட்டுகிறாரா? இதைக் கண்டுபிடிக்க நீங்கள் பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆச்சி இப்படிப் பேசுவாளா என்று நினைத்துப் பாருங்கள், போதும்.

இனி கை. நான் பார்த்த நடிப்பிலேயே மனசில் நிற்பதை இங்கே சொல்ல வேண்டும். முக்கூடல் பக்கத்துப் பீடி சுற்றும் குடும்பத்தைப் பற்றிய நாடகம். அம்மா வேஷம் போட்டது இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பெண். மடியில் சுளகு (முறம்), சுளகில் வெட்டி வைத்த இலை, தூள், நூல், கத்தரி. பள்ளிக்கூட வளாகம் என்பதால் புகையிலைத் தூள் கொண்டுவரக் கூடாது, தேயிலைத் தூளைக் காய வைத்துப் போட்டிருந்தார்கள். முதல் காட்சியில் அவள் சுற்றத் தொடங்கியதும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "ஏட்டி, இலையை நனைக்கவே இல்ல, பாத்தியா? காஞ்ச இலை, சுத்தும்போதே கீறும்" என்றாள். அப்படியே இலை கீறியது, சத்தம் கூடக் கேட்டது. அந்த இரண்டு பெண்களும் சுற்றுகிறவர்கள். நாடகத்தின் கருத்து என்னவென்று அவர்களுக்கு முன்பே தெரியும், அதைத் தினமும் அனுபவிக்கிறார்கள். அவர்கள் பார்க்க வந்தது கையை.

ஆனால் அதே பெண்கள் பத்து நிமிடத்தில் சத்தமில்லாமல் ஆகிவிட்டார்கள். காரணம் இதுதான். பழகிய கை சுற்றும்போது கண் கையைப் பார்க்காது. டிவி பார்த்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டே கை தன்பாட்டில் போகும். இந்தப் பெண் ஒரு மாதம் முக்கூடலில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பழகியிருக்கிறாள். மகனோடு பேசும்போது அவள் கண் மகன் மேலேயே இருந்தது, கை ஓடிக்கொண்டே இருந்தது. மகன், தான் படிப்பை நிறுத்திவிட்டதைச் சொல்கிறான். அவள் கத்தவில்லை, அழவில்லை, கையை நிறுத்தவும் இல்லை. குனிந்து தன் கையைப் பார்த்தாள். நாடகம் தொடங்கியதிலிருந்து அதுதான் முதல் தடவை. புதிதாகச் சுற்றப் பழகுகிறவள் மாதிரி, அடுத்து எந்த விரல் மடங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சுற்றினாள். பீடி கோணலாக வந்தது. அதைப் பிரித்துத் தூளைத் திரும்பவும் சுளகில் கொட்டினாள். அவ்வளவுதான் நடிப்பு.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: ஒரு பாத்திரம் ஏதாவது வேலை செய்தால் அந்த வேலையை முதலில் நன்றாகக் கவனியுங்கள். காய் நறுக்கினாலும் சரி, பூக் கட்டினாலும் சரி, ரசீது எழுதினாலும் சரி. வேலை உண்மையாக ஓடிக்கொண்டிருந்தால்தான் அது தடுமாறும்போது மனசு தெரியும். சும்மா கையில் முறத்தைக் கொடுத்து உட்கார வைத்திருந்தால் அது தடுமாறவும் முடியாது. காலி டம்ளரை எடுத்துக் காப்பி குடிப்பவரைப் பாருங்கள். சூடு இருக்கிறதா அந்த டம்ளரில்? விளிம்பைப் பிடிக்கிறாரா, அடியைப் பிடிக்கிறாரா?

பேசாதவரைப் பார்க்கப் பழகுவது இன்னொரு வித்தை. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிது. புலவர் கதை சொல்லுவார், பக்கத்தில் பின்பாட்டுக்காரர் "ஆமா" என்பார். அந்த 'ஆமா' எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. சுடலைமாடன் கோபத்தோடு கிளம்பும் இடத்தில் ஒரு ஆமா, தாய் பிள்ளையைத் தேடும் இடத்தில் இன்னொரு ஆமா. கதை நூறாவது தடவை கேட்கும் கதைதான், ஆனாலும் இப்போதுதான் கேட்பது போல அவர் கேட்கிறார். அவர் கேட்பதைப் பார்த்துத்தான் நாமும் கேட்கிறோம். மேடை நாடகத்திலும் அப்படித்தான். வசனம் பேசுகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு நிமிடம் பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள். தன் முறை எப்போது வரும் என்று உதட்டை அசைத்துக்கொண்டு நிற்கிறாரா? எதிராளி முடிப்பதற்கு முன்பே முகத்தில் அதிர்ச்சியை ஏற்றி வைத்துவிட்டாரா? செய்தி காதில் விழுந்த பிறகுதான் முகம் மாற வேண்டும். நன்றாக நடிக்கிறவரிடம் அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்கலாம்.

அழுகையைப் பற்றி ஒரு அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சி, சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகப் பிரிக்கிறது. அழுகை பிறக்கும் இடம் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்தியதால் வரும் அழுகை, ஒன்றைப் பறிகொடுத்ததால் வரும் அழுகை, இருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் வரும் அழுகை, இல்லாமையால் வரும் அழுகை. அவமானப்பட்டவர் முகத்தை மறைத்து அழுவார். சாவு வீட்டில் யாரும் முகத்தை மறைப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரி தோளைக் குலுக்கி விம்முகிற நடிகர் 'அழுகை' என்ற ஒரு சாமானை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் எடுத்து வைக்கிறார் என்று அர்த்தம். கண்ணீர் நிஜமாகவே வந்தாலும் அது குறைதான். நீங்கள் எழுதும்போது 'உருக்கமாக நடித்தார்' என்று எழுதாமல், எந்த அழுகை, அதை எப்படிக் காட்டினார் என்று எழுதுங்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு இருக்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். மூன்று விதத் திரைச்சீலை. இதையெல்லாம் பலர் எடுத்துச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது விளக்கைப் பற்றிச் சொன்ன இடம். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி புறத்தே போகுமாறு விளக்கை அமைத்தார்கள் என்கிறார் இளங்கோ. விளக்குப் போடுகிறவன் கவலைப்பட வேண்டிய முதல் விஷயம் நிழல் என்பதை அத்தனை காலத்துக்கு முன்னால் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். முகத்தில் நிழல் எங்கே விழுகிறது? நேர் மேலேயிருந்து விளக்கு அடித்தால் கண் இருக்கும் இடம் இரண்டு குழியாகிவிடும், என்ன நடித்தாலும் தெரியாது. கீழேயிருந்து அடித்தால் பேய் முகம். முன்னால் மேலே, ஏறத்தாழ நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் இரண்டு பக்கமும் வந்தால் கண் தெரியும். ஒரு நடிகர் மற்றவர் மேல் நிழல் விழ நிற்கிறார் என்றால் அது இயக்குநர் கவனிக்காத இடம்.

சின்ன ஹாலில் எத்தனை விளக்கு இருக்க முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மேடைக்குப் போடும் பழைய பார் (PAR) விளக்கு ஒன்று ஆயிரம் வாட், நாலேகால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் மாட்ட முடியாது. அப்படி இரண்டு பிளக் கிடைத்தால் ஆறு விளக்கு. அந்த ஆறையும் எங்கே வைத்தார்கள் என்பதில்தான் அறிவு தெரியும். இப்போது எல்.இ.டி. வந்துவிட்டதால் கரண்ட் கவலை இல்லை, வேறு கவலை வந்திருக்கிறது. கல்யாண ரிசப்ஷன் மாதிரி சிவப்பு, நீலம், ஊதா என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோபத்துக்குச் சிவப்பு, சோகத்துக்கு நீலம். நடிகர் முகத்தில் காட்ட வேண்டியதை விளக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. சோகம் வரும் முன்னால் கீபோர்டில் வயலின் சத்தம் வருவதும் இதே தப்புதான். நாடகம் முடிந்து எந்த நிறம் வந்தது என்று உங்களுக்கு நினைவே இல்லையென்றால் பெரும்பாலும் லைட் நன்றாக இருந்தது என்று சொல்லலாம்.

நடிகருக்கு வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா என்பதையும் பாருங்கள். பழைய விளக்கு முகத்தில் சுடும். கண்ணை மூடிக்கொண்டே வெளிச்சத்தின் நடுவைக் கண்டுபிடித்துவிடலாம். எல்.இ.டி.யில் அந்தச் சூடு முகத்தில் தெரியாது, அதனால் புதுப் பிள்ளைகள் தரையில் ஒட்டிய டேப்பைக் குனிந்து பார்க்கிறார்கள். ஒரு தடவை நடுக் காட்சியில் என்னுடைய விளக்கு ஒன்று 'டப்' என்று போய்விட்டது. மேடையில் இருந்தவர் வசனத்தை நிறுத்தவில்லை, வேகமும் கூட்டவில்லை. பேசிக்கொண்டே இரண்டு எட்டு வலப்பக்கம் நடந்து, மிச்சம் இருந்த வெளிச்சத்துக்குள் வந்து, அந்த நடை அந்த வசனத்துக்காகவே வைத்தது போல முடித்தார். விளக்கு போனது நாடகத்தின் குறை அல்ல, என் குறை. அதற்கு அவர் என்ன செய்தார் என்பதுதான் நாடகம். கரண்ட் போவது, குழந்தை அழுவது, வெளியே பஸ் ஹாரன், வசனம் மறப்பது, இதற்கெல்லாம் மதிப்பெண் குறைக்காதீர்கள். அடுத்த பத்து வினாடியைப் பாருங்கள்.

மேடைச் சாமான் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறைவாக இருப்பது தானாகவே பெருமை ஆகிவிடாது. ஒரு பத்தமடைப் பாயை மட்டும் வைத்து முழு நாடகத்தையும் நடத்திய ஒரு குழுவுக்கு லைட் போட்டிருக்கிறேன். விரித்தால் வீடு, சுருட்டி நிறுத்தினால் கதவு, தோளில் போட்டால் ஊரை விட்டுப் போகிறான், கடைசியில் அதே பாயில் பிணத்தைச் சுருட்டுகிறார்கள். பாய் ஒவ்வொரு தடவை மாறும்போதும் நடிகரின் கை அதை வேறு மாதிரிப் பிடித்தது, கதவைத் தள்ளும்போது கனம் இருந்தது. வேறொரு குழுவும் அதைப் பார்த்துவிட்டுப் பாய் வைத்தார்கள். அங்கே பாய் பாயாகவே இருந்தது. ஒரு பொருளை இன்னொன்றாக நம்ப வைப்பது கைதான்.

காட்சி மாறும்போது விளக்கை அணைத்துவிட்டு நாற்காலி நகர்த்துவார்கள். மனசுக்குள் எண்ணுங்கள். நான் பார்த்தவரை ஏழு எட்டு எண்ணுவதற்குள் செல்போன் வெளிச்சங்கள் முளைத்துவிடும், அப்புறம் அந்தச் சனத்தைத் திரும்பக் கொண்டுவர அடுத்த காட்சியில் பாதி போய்விடும். அதே மாதிரி ஆறு பேர் மேடையில் இருந்தால் கல்யாண வீட்டுப் போட்டோ மாதிரி வரிசையாக நிற்கிறார்களா என்று பாருங்கள். யார் யாருக்குப் பக்கத்தில், யார் யாரை விட்டுத் தள்ளி நிற்கிறார்கள் என்பதை வைத்தே சண்டையா உறவா என்று காது கேளாதவருக்கும் தெரிய வேண்டும்.

எழுத்து நன்றாக இருப்பதையும் நாடகம் நன்றாக இருப்பதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அபிஷேகப்பட்டியில் இருக்கும் நம் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891இல் வந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து அதிலிருந்துதான் எடுத்தது. ஆனால் அது படிப்பதற்காக எழுதிய நாடகம். படிக்கும்போது ஓடிக்கொண்டே இருக்கும் செய்யுள், மேடையில் ஒருவர் நின்று பேசும்போது அப்படியே ஓடிவிடாது. வசனம் அழகாக இருக்கிறதே என்று தோன்றினால், அந்த நேரம் மேடையில் என்ன நடந்தது என்று உடனே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் நீங்கள் கேட்டது நல்ல சொற்பொழிவு.

நாடகம் நடக்கும்போது குறிப்பு எடுக்காதீர்கள். கண்ணைத் தாளுக்குக் கொண்டு போனால் திரும்ப வருவதற்குள் கையைப் பார்க்கும் இடம் போய்விடும். முடிந்ததும், யாரோடும் பேசுவதற்கு முன்னால் எழுதுங்கள். நான் திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்டில் அம்பாசமுத்திரம் பஸ் ஏறி உட்கார்ந்ததும் தொடங்கி, சேரன்மகாதேவி வருவதற்குள் முடித்துவிடுவேன். முதலில் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுவேன்: 'மகன் சொன்னதும் கையைப் பார்த்தாள்.' 'இரண்டாம் காட்சியில் அப்பாவின் கடைசிச் சொல் மூன்று தடவை கேட்கவில்லை.' அதற்குப் பிறகுதான் பிடித்தது பிடிக்காதது. இப்படி ஐந்தாறு வரி இருந்தால் மதிப்புரை தானாக வரும். அந்த வரிகள் இல்லாமல் 'சிறப்பான நடிப்பு, நேர்த்தியான மேடையமைப்பு' என்று எழுதினால், எந்த நாடகத்துக்கும் அதைப் போடலாம். குறை எழுதும்போது ஆளை எழுதாதீர்கள், இடத்தை எழுதுங்கள். 'இவருக்கு நடிக்க வராது' என்று எழுதினால் அவர் ஒன்றும் செய்ய முடியாது. 'கடிதம் படிக்கும் இடத்தில் தாள் முகத்தை மறைத்தது' என்றால் நாளைக்கே சரி செய்துவிடுவார். காசு போட்டுப் பார்க்கும் பெரிய மேடைக்கும் பத்துப் பேர் கைக்காசில் போடும் நாடகத்துக்கும் ஒரே தராசு வேண்டியதில்லை என்று சிலர் சொல்வார்கள். நடிப்புக்கு ஒரே தராசுதான். காசில் வாங்கும் சாமானுக்கு மட்டும் சலுகை கொடுங்கள்.

அந்தப் பீடி நாடகம் சனியும் ஞாயிறும் நடந்தது. சனிக்கிழமை முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்து, "எப்படி அண்ணாச்சி இருந்தது?" என்று கேட்டாள். இலை காய்ந்திருந்ததையும் அதை அந்த இரண்டு அம்மாக்களும் கவனித்ததையும் சொன்னேன். அப்புறம் கையைக் குனிந்து பார்த்த இடத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அது பின்னாலே வரைக்கும் தெரிஞ்சுதா?" என்றாள். உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது, நான் போர்டுக்குப் பின்னால் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்த இரண்டு வரிசைக்குத் தெரிந்திருக்காது. என் விளக்கு மேலேயிருந்து விழுந்ததால், குனிந்ததும் அவள் தலை நிழல் சுளகின் மேல் விழுந்து கையை மூடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே போய்விட்டேன். அவள் வாளியில் தண்ணீர் எடுத்து ஈரச் சாக்கில் இலையைப் பொதிந்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்த விளக்கை இறக்கி, ஒன்றரை அடி இடப்பக்கம் தள்ளி, சாய்வைக் குறைத்துக் கட்டினேன். அவளை உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, நிழல் சுளகை விட்டு வெளியே போகும் வரை நகர்த்தினேன். ராத்திரி அந்த இடம் வந்தபோது மேடையைப் பார்க்காமல் கடைசி இரண்டு வரிசைப் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்தாள். அத்தனை பிடரியும் ஒரு விரல்கடை முன்னால் போய், அப்படியே நின்றது.